வேரும் பூசணமும்: வடபுலக் காடுகளின் மண்ணடி வாணிபம்

நிலவுருண்டையின் வடமுனையைச் சூழ்ந்து, பனிவெளிக்குச் சற்றுத் தெற்கே, பச்சை மாலையொன்று கிடக்கிறது. நார்வே நாட்டின் கரையில் தொடங்கி, ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யா என நீண்டு, சைபீரியாவைக் கடந்து, பெரிங் நீரிணைக்கு அப்பால் அலாஸ்காவில் மீண்டும் தலைகாட்டி, கனடாவின் குறுக்கே படர்ந்து, நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் அட்லாண்டிக் கடலைத் தொடுகின்ற வடபுலக் காடுகளே அவை. உலகின் மொத்தக் காட்டுப் பரப்பில் கால் பங்கிற்கும் மேற்பட்டவை. ஆயினும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சிறு சோலையில் எண்ணக்கூடிய மரவகைகள்கூட அங்கே ஒரு முழு மாநிலத்தில் இரா. பைன், ஸ்புரூஸ், ஃபர், லார்ச், பிர்ச் என விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்களே கல் தொலைவுக்குக் கல் தொலைவு அணிவகுத்து நிற்கின்றன.

அம்மரங்கள் காலூன்றி நிற்கும் மண்ணோ ஏழை மண். ஆண்டில் பாதிக்கும் மேலாகப் பனியும் உறைகுளிரும். உதிர்ந்த ஊசியிலைகள் பிசின் நிறைந்தவை, புளிப்பேறியவை, எளிதில் மக்குவதில்லை. நம் தோட்டத்தில் ஒரு வாழை இலை மக்குதற்குச் சில வாரங்கள் போதும். அங்கே ஓர் ஊசியிலை மக்குதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். எனவே தரைமேல் பஞ்சணை போன்று கருநிற மக்கு அடுக்கு உண்டாகிறது. அதற்குக் கீழே, மழைநீர் சத்தையெல்லாம் கழுவிச் சென்றுவிட்ட சாம்பல் நிற மணல். இத்தகைய மண்ணுக்கு ருஷ்ய மக்கள் இட்ட பெயரே 'சாம்பலின் கீழ்' எனப் பொருள்படும். அம்மண்ணில் தழைச்சத்து இல்லாமலில்லை. மக்கினுள் ஏராளமாக உண்டு; ஆயினும் பூட்டிய பெட்டியில் வைத்த பணம்போல, மரத்தின் வேருக்கு எட்டாத வடிவில் அது கட்டுண்டு கிடக்கிறது. அங்ஙனமாயின் முப்பது மீட்டர் உயரம் வளரும் ஸ்புரூஸ் மரம் தன் உணவை எங்கிருந்து பெறுகிறது?

அதற்கு விடை இலையுதிர் காலத்தில் தரைக்கு மேல் தலைநீட்டுகிறது. செந்நிறக் குடையில் வெண்புள்ளி கொண்ட நச்சுக் காளான், தடித்த தண்டுடைய பொலீட்டஸ், பொன்னிறமான கேன்டரெல் எனப் பலவகைக் காளான்கள் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் முளைக்கின்றன. ஸ்வீடனில் எவருடைய காட்டிலும் எவரும் நுழைந்து காளான் பறிக்கலாம் என்பது நெடுங்கால வழக்குரிமை. குடும்பம் குடும்பமாகக் கூடையேந்திப் போகிறார்கள். கேன்டரெலுக்குக் 'காட்டின் பொன்' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் கூடையில் விழுவது கனி மட்டுமே. மரம் மண்ணுக்குள் இருக்கிறது என்று சொன்னால் பொருந்தும். மழைக்காலத்தில் தோல் செருப்பின்மீதும் நாட்பட்ட ரொட்டியின்மீதும் படரும் பூஞ்சணத்தை நம் இல்லத்தரசியர் அறிவர். அத்தகைய மெல்லிழைகளே காளானின் உண்மை உடல். நம் தலைமயிரைக் காட்டிலும் பத்து, இருபது மடங்கு மெலிந்த அவ்விழைகள், வேர் நுழைய முடியாத மண்துகளின் இடுக்குகளிலெல்லாம் நுழைகின்றன.

இவ்விழைகளுக்கும் மர வேர்களுக்கும் உள்ள உறவு அறியப்பட்ட வரலாறு சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரஷ்ய நாட்டு வேளாண் அமைச்சகம், ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்னும் தாவரவியலாரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. செல்வர் வீட்டு விருந்துகளில் பெருவிலைக்குப் போகும் டிரஃபிள் என்னும் மண்ணடிக் காளானைப் பயிரிட வழி காண்பதே அப்பணி. ஃபிராங்க் மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். அமைச்சகம் எதிர்பார்த்த டிரஃபிள் தோட்டம் உருவாகவில்லை. ஆனால் ஊசியிலை மரங்களிலும் ஓக், பீச் முதலிய மரங்களிலும் உறிஞ்சு வேர்களின் நுனிகள் ஏறத்தாழ எல்லாமே பூசண உறை அணிந்திருப்பதை அவர் கண்டார். 1885ஆம் ஆண்டில் அதற்குக் கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து 'மைக்கோரைசா' எனப் பெயர் சூட்டினார். வேர்ப்பூசணம் என்று நாம் தமிழில் சொல்லலாம்.

பூசணம் பிடித்த வேர் நோயுற்ற வேர் என்றே அந்நாளில் அறிஞர் பலர் கருதினர். நெல்லிலும் திராட்சையிலும் பூஞ்சை விளைவிக்கும் கேட்டை அறிந்த எவரும் அப்படித்தான் கருதுவர். ஃபிராங்க் அதை மறுத்தார். பைன் விதைகளைச் சில தொட்டிகளில் இயல்பான காட்டு மண்ணிலும், சில தொட்டிகளில் வெப்பமூட்டிக் கிருமி நீக்கிய மண்ணிலும் இட்டு வளர்த்தார். பூசணம் இருந்த மண்ணில் நாற்றுகள் செழித்தன. தூய்மை செய்த மண்ணில் வாடின. இதே பாடத்தைப் பிற்காலத்தில் போர்ட்டோ ரிக்கோ தீவின் வனத்துறையினர் பெருஞ்செலவில் கற்றனர். பைன் இயல்பாக வளராத அத்தீவில் அவர்கள் நட்ட நாற்றுகள் மீண்டும் மீண்டும் மஞ்சளித்து மாண்டன. 1955ஆம் ஆண்டில் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைச் சிறிதளவு கொணர்ந்து நாற்றடியில் இட்ட பின்னரே அங்குப் பைன் மரம் தழைத்தது.

நுண்ணோக்கியில் காண்போமாயின், பூசண இழைகள் வேர் நுனியைக் கையுறைபோல் போர்த்திருக்கும். அவ்வுறையிலிருந்து சில இழைகள் உட்புறம் சென்று, வேரின் உயிரணுக்களுக்கு இடையே வலைபோலப் பின்னுகின்றன. உயிரணுவின் உள்ளே புகுவதில்லை. அதனை 1840ஆம் ஆண்டிலேயே வரைந்து காட்டிய தியோடர் ஹார்டிக் என்பவரின் பெயரால் அது ஹார்டிக் வலை எனப்படுகிறது. பண்டமாற்று நடைபெறும் சந்தை அதுவே. மரம் தன் இலைகளில் சமைத்த சர்க்கரையைத் தருகிறது; பூசணம் மண்ணிலிருந்து திரட்டிய தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நீரையும் தருகிறது. உப்சாலா நகரத்து ஆய்வாளர் எலியாஸ் மெலின் 1950களில் கதிரியக்க அணுக்களைக் கொண்டு இதனை ஐயமற நிறுவினார். மண்ணில் பூசண இழைக்கு இட்ட சத்து பைன் நாற்றின் ஊசியிலைக்கு ஏறியதையும், இலை உண்ட கரியமில வாயுவின் கரி பூசணத்தில் இறங்கியதையும் அவர் அளந்து காட்டினார்.

நம் வேளாண்மை நிலையங்களில் 'வேர் உட்பூசணம்' எனப் பொட்டலமிட்டு விற்கப்படுவது வேறு வகை என்பதை உழவர் குடும்பங்கள் நினைவில் கொள்க. அது வேரின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. பயிர்கள் உட்பட நிலத்தாவரங்களில் பெரும்பாலானவை அதனோடு கூடியவை. அதன் உறவினர் ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரருகே 40 கோடி ஆண்டுக்கு முந்தைய கற்படிவத் தாவரங்களிலேயே காணப்படுகின்றனர். வடபுல மரங்களோடு கூடிய உறைப்பூசணம் பின்னர்த் தோன்றியது. தாவர இனங்களில் நூற்றுக்கு இரண்டே அதனோடு உறவு கொண்டவை. ஆனால் உலகில் நிற்கும் மரங்களைத் தலையெண்ணினால் நூற்றுக்கு அறுபது அவ்வினங்களைச் சேர்ந்தவை என்று 2019இல் வெளியான உலகளாவிய கணக்கு கூறுகிறது. குளிர்நாட்டின் பரப்பை எண்ணினால் இதில் வியப்பில்லை.

இவ்வாணிபத்தின் அளவு எத்துணை? இதனை அறிய ஸ்வீடன் நாட்டின் வடபகுதியில் பீட்டர் ஹோக்பெர்க் என்பவரும் துணைவரும் செய்த சோதனை, எளிமையினாலேயே நம் உள்ளத்தைக் கவர்கிறது. மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் அது மெல்லப் பட்டுப்போகும் என்பது நம் சிற்றூர்களில் எவரும் அறிந்தது. நீர் மேலேறுவது கட்டை வழியே; சர்க்கரை கீழிறங்குவது பட்டை வழியே. பட்டையை உரித்தபின்னும் இலை பச்சையாகவே நிற்கும், நீரும் ஏறும். ஆனால் வேருக்குச் சோறு இறங்காது. அவர்கள் ஒரு பைன் காட்டைப் பல சதுக்கங்களாகப் பகுத்து, சிலவற்றில் எல்லா மரங்களின் பட்டையையும் வளையமாக உரித்துவிட்டு, மண்ணிலிருந்து எழும் மூச்சுக்காற்றை அளந்தனர். மண் மூச்சுவிடுமோ எனில், விடும். வேரும் பூசணமும் நுண்ணுயிர்களும் உண்டு செரித்து வெளிவிடும் கரியமில வாயுவே மண்ணின் மூச்சு. அதுவரை அறிஞர் பலர், அம்மூச்சின் பெரும்பகுதி உதிர்ந்த சருகு மக்குவதால் வருவதென்றே கணித்திருந்தனர். பட்டை உரித்த ஐந்தே நாள்களில் மண்ணின் மூச்சு 37 விழுக்காடு வரை தாழ்ந்தது. ஓரிரு மாதங்களில் 54 விழுக்காடு குறைந்தது. அவ்விலையுதிர் காலத்தில் மற்றச் சதுக்கங்களில் காளான்கள் வழக்கம்போல் முளைத்தன. உரித்த சதுக்கங்களில் வேர்ப்பூசணக் காளான்கள் ஏறத்தாழ முளைக்கவேயில்லை. 2001இல் இம்முடிவு வெளியானபோது, காட்டு மண் பழைய சருகைத் தின்று வாழ்கிறது என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. சில நாள்களுக்கு முன் கதிரொளியில் சமைத்த சோற்றை உண்டே அம்மண்ணின் பாதி உயிர் வாழ்கிறது.

வந்த கரியெல்லாம் மூச்சாகப் போய்விடுகிறதா? இல்லை. இங்குத்தான் உலகின் தட்பவெப்பத்தைப் பற்றிய கவலையோடு இவ்விழைகள் இணைகின்றன. ஸ்வீடனின் வடபகுதியில் ஹோர்னாவன், உட்யாவுரே என இரு பெரும் ஏரிகள் உள்ளன. அவற்றில் சிறிதும் பெரிதுமாகத் தீவுகள் பல. பெரிய தீவுகளில் மின்னல் அடிக்கடி விழுந்து காடு எரிகிறது. சின்னஞ்சிறு தீவுகளை மின்னல் தவறவிடுகிறது. ஆகவே பெரிய தீவுகள் கடைசியாக எரிந்து சராசரியாக 600 ஆண்டுகள் ஆகியிருக்க, சிறு தீவுகள் எரிந்து 3000 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. இயற்கையே ஒரே இடத்தில் பல வயதுக் காடுகளை வரிசையாக வைத்துக் காட்டுகிறது என்க. முதிய தீவுகளில் மரங்கள் குட்டையாயும் மெலிந்தும் நிற்கின்றன. உதிரும் சருகும் குறைவு. ஆயினும் அங்கேதான் மக்கடுக்கு மிகத் தடித்திருக்கிறது! மேலிருந்து விழுவது குறைய, கீழே சேர்வது கூடுவதெப்படி?

கரினா கிளெம்மென்சென் என்னும் ஆய்வாளரும் குழுவினரும் முப்பது தீவுகளின் மண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்து 2013இல் விடை தந்தனர். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் பரப்பிய கதிரியக்கக் கரியைக் காலங்காட்டியாகக் கொண்டு அவர்கள் கணக்கிட்டனர். அங்குச் சேமிக்கப்பட்ட கரியில் 50 முதல் 70 விழுக்காடு வேர்களிலிருந்தும் அவற்றோடு கூடிய பூசணங்களிலிருந்தும் வந்தது. மக்கடுக்கு மேலிருந்து மட்டுமன்றிக் கீழிருந்தும் வளர்கிறது. மடிந்த இழைகள் அப்படியே புதைந்து கிடக்கின்றன. மனிதனின் புகைபோக்கிகள் கக்கும் கரியில் ஒரு பகுதியை அரவமின்றி வாங்கிப் புதைப்பவை இவ்விழைகள். 2023இல் வெளியான மற்றொரு மதிப்பீடு, உலகத் தாவரங்கள் ஆண்டுதோறும் எல்லாவகை வேர்ப்பூசணங்களுக்கும் கொடுக்கும் கரி 1300 கோடி டன் கரியமில வாயுவுக்கு நிகர் என்கிறது. கொடுப்பதெல்லாம் தங்கிவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே அதனைப் படித்தல் வேண்டும்.

பூசணங்கள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. கார்ட்டினேரியஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சில, மக்கைத் தாக்கி உடைக்கும் ஆற்றல் வாய்ந்த நொதிகளைச் சுரக்கின்றன. பூட்டிய பெட்டியை உடைத்துத் தழைச்சத்தை எடுக்கும்போது கரியும் வாயுவாகத் தப்பிவிடுகிறது. கார்ட்டினேரியஸ் அக்யூட்டஸ் என்னும் சிறு காளான் வாழும் ஸ்வீடன் காடுகளில் மக்கடுக்கின் கரி, அது இல்லாத காடுகளைவிட 33 விழுக்காடு குறைவு என 2021இல் கண்டறிந்தனர். ஒரே காட்டில் சேமிப்பவரும் உண்டு, செலவழிப்பவரும் உண்டு. எவர் கை ஓங்குகிறது என்பது மண்ணையும் காட்டின் வயதையும் பொறுத்தது.

இனி, செய்தித்தாள்களாலும் திரைப்படங்களாலும் உலகெங்கும் பரவிய ஒரு கதைக்கு வருவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூசன் சிமார்ட் என்னும் வனவியலார், பிர்ச், டக்ளஸ் ஃபர் ஆகிய இருவகை நாற்றுகளை அடுத்தடுத்து நட்டு, இலைகளைப் பைகளால் மூடி, ஒன்றனுக்கு ஒருவகைக் கரியணுவும் மற்றதற்கு வேறுவகைக் கரியணுவும் ஊட்டினார். கரி இருபுறமும் சென்றது. ஆனால் பிர்ச்சிடமிருந்து ஃபர் பெற்றதே மிகுதி. ஃபர் தானே சமைத்ததில் சராசரி 6 விழுக்காட்டளவு அதற்கு நிகர வரவாயிற்று; நிழலில் நின்ற ஃபருக்கு வரவு கூடுதல். 1997இல் இது வெளியானது. இதழின் அட்டையே அதற்கு 'காடளாவிய வலை' என்ற பொருளில் பெயர் சூட்டிற்று. பின்னர் ஒரு சிறு காட்டுத் துண்டில் 67 மரங்களின் வேர்ப்பூசணங்களை மரபணு கொண்டு ஒப்பிட்டபோது, முதிய ஃபர் மரமொன்று மற்ற 47 மரங்களோடு பூசண உடல்களால் இணைந்திருந்ததாகத் தெரிந்தது. அவ்வளவே வேண்டியிருந்தது. தாய்மரம் தன் குஞ்சுகளை அடையாளம் கண்டு பாலூட்டுகிறது, சாகும் தறுவாயில் சொத்தைப் பங்கிட்டுத் தருகிறது, பூச்சி வருமுன் எச்சரிக்கை அனுப்புகிறது என்றெல்லாம் கதை வளர்ந்தது.

உவமை தேடி அலையும் எம்போன்ற மறையுரையாளருக்கு இதைவிட இனிய விருந்து ஏது? ஆயினும் மேடையேற்றுமுன் மெய்யா எனக் கேட்பதே முறை. இத்துறையிலேயே பல்லாண்டு உழைத்த ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா ஆகிய மூவர், வெளிவந்த களஆய்வுகளையெல்லாம் 2023இல் சலித்துப் பார்த்தனர். மரங்களைப் பூசண இழை உண்மையாகவே இணைப்பதை வரைபடமாகக் காட்டிய ஆய்வுகள் இரண்டே மரவகைகளுக்கும் மூன்றே பூசண வகைகளுக்கும் உள்ளன. கரி ஒரு மரத்திலிருந்து மற்றதற்குப் போனது உண்மை. ஆனால் அது இழைவழியே போயிற்றா, மண்ணில் கசிந்து போயிற்றா என்பதைப் பிரித்தறிவது கடினம். 1997 சோதனையிலேயே, இவ்வலையில் சேராத சிடார் நாற்றிலும் சிறிது கரி சேர்ந்திருந்தது. தாய்மரம் தன் இனத்தை விரும்பிப் பேணுகிறது என்பதற்குக் காட்டில் செய்த, அறிஞர் சரிபார்த்த சான்று ஒன்றுகூட அவர்களுக்குக் கிட்டவில்லை. சிறிய சான்று பெரிய முடிவாக மேற்கோளுக்கு மேற்கோள் வளர்ந்ததையும் அவர்கள் சுட்டினர். இயற்கையின் உண்மை நம் கற்பனையின் ஒப்பனையை வேண்டி நிற்பதன்று என்பது நம் கருத்து.

அவ்வலை உள்ள இடத்திலும் அது அறச்சாலையாக மட்டும் இல்லை. ஊசியிலைக் காட்டின் நிழலில் மெழுகாற் செய்தது போன்ற, பச்சையமே இல்லாத மோனோட்ரோபா என்னும் செடி முளைக்கிறது. 1960இல் எரிக் பியோர்க்மன் என்பவர் பைன், ஸ்புரூஸ் மரங்களின் பட்டையில் கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றிப் பார்த்தார். அது சிறிது நாளில் அச்செடியில் தென்பட்டது. பூசணத்தின் வழியே மரத்தின் சோற்றைத் திருடித் தின்னும் செடி அது. கைம்மாறு எதுவும் செய்வதாகத் தெரியவில்லை.

பூசணமும் எப்பொழுதும் தாராளமாக இருப்பதில்லை. தழைச்சத்து அரிதாகும்போது அது முதலில் தன் உடலைக் கட்டிக்கொண்டு, எஞ்சியதையே மரத்துக்கு விடுகிறது என ஸ்வீடனின் டோர்ஜெனி நேஸ்ஹோல்மும் துணைவரும் 2013இல் எழுதினர். மரம் பசித்து மேலும் சர்க்கரையை இறக்க, பூசணம் மேலும் வளர்ந்து மேலும் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. கந்துவட்டிக்காரரிடம் சிக்கிய குடும்பத்தின் கணக்கு இது. ஆனால் அவரை விட்டு விலகவும் மரத்தால் இயலாது; ஏனெனில் விலகிய மரத்துக்கு அடுத்த மரம் பெறும் சிறு கடன்கூடக் கிட்டாது.

இவ்வாணிபத்தைக் குலைக்கும் வழிகளை மனிதன் நன்கு அறிந்திருக்கிறான். தொழிற்சாலைப் புகையும் கால்நடைப் பண்ணைகளின் அம்மோனியாவும் மழையோடு தழைச்சத்தாக இறங்கும் இடங்களில் மரத்துக்குப் பூசணத்தின் தேவை குறைகிறது, சர்க்கரையும் குறைகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெதர்லாந்து நாட்டில் வேர்ப்பூசணக் காளான்கள் பெரிதும் அருகியதற்கு இதுவே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. இதனினும் விரைவானது கோடரி. இன்று அது எந்திரம். ஒரு காட்டை முற்றாக வெட்டிச் சாய்த்தால், ஹோக்பெர்க்கின் சோதனையே பெரிய அளவில் நிகழ்கிறது. சோறூட்டும் இலை போயிற்று. இழைகள் பட்டினியால் மாள்கின்றன. ஸ்வீடனில் 1993ஆம் ஆண்டுச் சட்டம், மரவிளைவையும் இயற்கைக் காப்பையும் சம நோக்கங்களாக வைத்தது. அதன் பின்னர், வெட்டும்போது ஆங்காங்கே சில மரங்களை விட்டுவைப்பது வழக்கமாயிற்று. விட்டுவைத்த மரங்கள் எத்தனையோ அந்த அளவுக்கே பூசண இனங்கள் தப்பிப் பிழைக்கின்றன எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நூற்றுக்கு இரண்டு மூன்று மரங்களை வழிபாட்டுத் தூண்கள்போல நிறுத்திவைப்பதால் ஆகும் பயன் சொற்பம். புதிதாக நட்ட நாற்றுகளும் பூசணம் பெறுகின்றன; ஆனால் அவை இளங்காட்டுக்கு உரிய சில பொதுவான இனங்கள். முதுகாட்டை நாடும் அரிய இனங்கள் திரும்புவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அவை திரும்புவதற்கு வித்தைச் சுமந்து வருவோர் வேண்டும். குடைக்காளான்களின் வித்து காற்றில் பறக்கும். மண்ணுக்குள்ளேயே முற்றும் டிரஃபிள் வகைகளுக்குக் காற்றில்லை; அவற்றின் மணத்தை மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்னும் அணில்களும் எலிகளுமே துணை. வட அமெரிக்கக் காடுகளில் பறக்கும் அணிலுக்கு இது முக்கிய உணவு. ஓரிகன் மாநிலத்துச் செம்முதுகுக் காட்டெலி ஏறக்குறைய டிரஃபிளை மட்டுமே தின்று வாழ்கிறது. தின்ற வித்துகள் செரியாமல் அதன் எச்சத்தோடு புதிய வேர்களருகே விழுகின்றன. காட்டை முற்றாக வெட்டிய இடத்தில் மரம் போன சிறிது காலத்தில் டிரஃபிளும் போய்விடுகிறது. அதன்பின் அவ்வெலி அங்கே தங்குவதில்லை.